செங்கோட்டைக்கு மேற்கே: இருவர், இரண்டு நாள், இரண்டு அருவி

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது என்று கேள்விப்பட்ட வாரமே கிளம்பும் ஜோடிகள் பலர் ஐந்தருவி, பழைய குற்றாலம், பாலருவி, கும்பாவுருட்டி எல்லாவற்றையும் ஒரே சனி, ஞாயிறில் அடைக்கப் பார்க்கிறார்கள். பாதி நாள் வண்டி நிறுத்த இடம் தேடுவதிலும் மீதி நாள் வரிசையிலும் போய்விடும். ஒரு நாளைக்கு ஓர் அருவி போதும். அதையும் காலையிலேயே முடித்துவிட வேண்டும். இந்த ஊர்ப் பக்கம் மற்ற எதையும்விட நேரம்தான் முக்கியம். ஏன் என்பது பின்னால் வரும்.

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக மலை ஏறினால் ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை என்று கேரளம் விரியும். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது. அதனால் எல்லைக்கு அந்தப் பக்கமும் தமிழிலேயே பேசிச் சமாளித்துவிடலாம். சென்னையிலிருந்து பொதிகை விரைவு வண்டியில் வெள்ளி இரவு ஏறினால் சனிக்கிழமை காலை செங்கோட்டை. அங்கிருந்து கொல்லம் போகும் கேரள அரசுப் பேருந்து ஆரியங்காவிலும் தென்மலையிலும் நிற்கும். முதல் நாளே காலையில் நனைய வேண்டுமானால் வியாழன் இரவே ஏறி, வெள்ளிக்கிழமை இரவு செங்கோட்டையிலோ தென்காசியிலோ தங்குவது நல்லது. சீசனில் குற்றாலத்தில் அறை வாடகை எகிறிவிடும், இவ்விரண்டு ஊர்களிலும் அவ்வளவு ஏறாது. புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் இருவரின் ஆதார் அட்டையையும் கையில் வைத்திருங்கள். ஒருவருடையது மட்டும் இருந்தால் சில விடுதிகளில் வாசலிலேயே பேச்சு நீளும்.

எந்த மாதம்?

ஆனி, ஆடியில் தண்ணீர் அதிகம், கூட்டமும் அதிகம். அருவி பொங்கினால் குளிக்கத் தடை, பாலருவியை மூடியே விடுவார்கள். நடந்து போய்க் குளிக்க வேண்டும் என்பவர்களுக்கு ஆவணிக் கடைசியும் புரட்டாசி முதல் பாதியும் பொருத்தம். தண்ணீர் இருக்கும், வேகம் குறைந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. காலை வெயில் அடித்தாலும் மதியம் இரண்டு மணிக்கு மேல் இடியோடு கொட்டும். தை பிறந்ததும் வானம் தெளியும், பாதை காயும், ரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சி குறையும். அப்போதும் பாலருவியில் ஓரளவு தண்ணீர் விழும். மாசிக்குப் பிறகு வந்தால் பாறையைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

சனிக்கிழமை: பாலருவி

பாலருவி 300 அடி உயரம். ஆரியங்காவில் நெடுஞ்சாலை ஓரத்திலேயே வனத்துறைச் சீட்டுக் கவுண்டர். சொந்த வண்டியை அங்கேயே விட்டுவிட வேண்டும், வனத்துறை வண்டி காட்டுக்குள் நாலு கிலோமீட்டர் கூட்டிப்போகும். காலை எட்டு மணிக்குக் கவுண்டர் திறக்கும்போது நீங்கள் அங்கே நிற்க வேண்டும். பத்து மணி வண்டியில் போகிறவர்களுக்கு அருவி தெரியாது, முதுகுகள்தான் தெரியும். இறங்குமிடத்திலிருந்து அருவிக்குக் கொஞ்ச தூரம்தான் நடை. வழியில் ராஜா காலத்துக் குதிரை லாயமும் கல்மண்டபமும் இடிந்து கிடக்கின்றன. திருவிதாங்கூர் மன்னர்கள் ஓய்வுக்கு வந்த இடம் இது.

உண்மையைச் சொன்னால் இது மலை நடை அல்ல. ஆனாலும் முதல் நாளுக்கு இதை வைப்பதற்குக் காரணம் உண்டு. செருப்பு ஈரப் பாறையில் பிடிக்கிறதா, பையில் எது தொந்தரவு, யார் எவ்வளவு வேகம் என்பதெல்லாம் திரும்பி ஓட வழியுள்ள இடத்திலேயே தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குள் ஐந்து கிலோமீட்டர் போன பிறகு குதிகாலில் கொப்புளம் என்றால் ஒன்றும் செய்வதற்கில்லை.

பதினொரு மணிக்குள் குளித்து முடித்து வெளியே வந்துவிடுங்கள். ஆரியங்காவு ஐயப்பன் கோயில் சாலை மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. சபரிமலையில் பிரம்மச்சாரியாக இருப்பவர் இங்கே மாப்பிள்ளை. மார்கழியில் நடக்கும் திருக்கல்யாணத்துக்கு மதுரைச் சௌராஷ்டிரர்கள் பெண்வீட்டாராக வருவார்கள். ஜோடியாகப் போகிறவர்கள் கும்பிட்டுவிட்டுப் போவதில் தப்பில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலம். 1904-இல் திறந்த கொல்லம்–செங்கோட்டை ரயில் பாதைக்காகக் கட்டிய கல் பாலம் அது, அகலப் பாதையான பிறகு 2018 முதல் மறுபடி ரயில் ஓடுகிறது. நெடுஞ்சாலையிலிருந்தே முழுசாகத் தெரியும். தண்டவாளத்தில் ஏறி நின்று படம் எடுக்க வேண்டாம். சொந்த வண்டி இல்லாதவர்களுக்கு இரவு தென்மலையில் தங்கல்.

ஞாயிறு: இரண்டில் ஒன்று

சொந்த வண்டி இல்லையென்றால் தென்மலையிலேயே செந்துருணி வனவிலங்கு சரணாலயத்தில் வனத்துறை வழிகாட்டியோடு நடப்பது நல்லது. 1984-இல் அமைந்த சரணாலயம், செங்குறிஞ்சி மரத்தால் வந்த பெயர். நடைகள் பல வகை உண்டு, முன்பதிவு செய்யாமல் போய் நிற்காதீர்கள். பதிவு செய்யும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: மொத்தம் எத்தனை கிலோமீட்டர், வழியில் குளிக்க அனுமதியுள்ள நீர் இருக்கிறதா, ஓடையைக் கடக்க வேண்டியிருக்குமா. முதல் முறை போகும் இருவருக்கு ஆறு கிலோமீட்டர் போதும். தார்ச்சாலையில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடப்பவர் ஈரமான மலைப்பாதையில் இரண்டுதான் நடப்பார். ஆறு கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம், தண்ணீரில் ஒரு மணி நேரம். எட்டுக்குக் கிளம்பினால் பன்னிரண்டுக்கு வெளியே வந்துவிடலாம். அந்த மதிய இடிக்கு முன்னால் முடித்துவிட்டீர்கள் என்று பொருள்.

சொந்த வண்டி இருந்தால் சனிக்கிழமை இரவு செங்கோட்டைக்குத் திரும்பி, ஞாயிறு காலை பண்பொழி, மேக்கரை வழியாக அச்சன்கோவில் சாலையில் கும்பாவுருட்டி. மேக்கரை தாண்டியதும் காடுதான். இங்கும் வனத்துறைச் சீட்டு, அதன் பிறகு படிக்கட்டில் இறக்கம். இறங்குவது சுகம், நனைந்த துணியோடு ஏறி வருவதுதான் வேலை. இதே அருவியில் 2022 சூலையில் திடீர் வெள்ளம் வந்து உயிர்ப்பலி ஆகியிருக்கிறது. அதனால் கிளம்பும் முன் திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டே வண்டியை எடுங்கள். மூடியிருந்தால் வேறு ‘ரகசிய’ வழி காட்டுகிறேன் என்று யாராவது வருவார்கள். அந்த வழியில் போய்ச் சிக்கினால் அபராதம் உங்களுக்கு, அடிபட்டால் தூக்கிவர ஆள் கிடையாது.

காலில் என்ன, பையில் என்ன

ஜீன்ஸை வீட்டில் வைத்துவிடுங்கள். நனைந்தால் ஈரம் போகாது, கனக்கும், தொடை இடுக்கில் அரைத்துப் புண்ணாக்கும். சீக்கிரம் காயும் ட்ராக் பேண்ட் இருவருக்கும் சரி. அரைக்கும் இடங்களில் காலையிலேயே தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவிக்கொள்ளலாம். துவட்டிக்கொள்ள டர்க்கி டவல் வேண்டாம், பழைய ஈரிழைத் துண்டுதான் இதற்கென்றே பிறந்தது. பிழிந்து தோளில் போட்டால் அரை மணியில் முக்கால் வாசி காய்ந்துவிடும், ஒன்றுமே கனக்காது. ஷூ அடியில் ஆழமான வெட்டுகள் உள்ள மென்மையான ரப்பர் வேண்டும். விரல் நகத்தால் அழுத்தினால் லேசாக உள்ளே போகிற ரப்பர் பாறையைப் பிடிக்கும், கல் மாதிரி இருக்கிற அடி வழுக்கும். புது ஷூவைப் போட்டுக்கொண்டு நேரே மலைக்கு வராதீர்கள், பத்து நாளாவது ஊரில் நடந்திருக்க வேண்டும். கால் நகத்தை இரண்டு நாள் முன்பே ஒட்ட வெட்டிவிடுங்கள். இறக்கத்தில் பெருவிரல் ஷூ முனையில் இடித்து இடித்து நகம் கறுத்துப் போவது மலைக்குப் புதியவர்களுக்கு அடிக்கடி நடப்பது.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நாலு, ஒன்றை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், பாதி பாட்டிலில் கொட்டிக் குலுக்கக் கூடாது. புளிசாதம், கடலை மிட்டாய். க்ரேப் பேண்டேஜ், பிளாஸ்திரி, வளைவுச் சாலையில் தலை சுற்றுபவர்களுக்கு வாந்தி மாத்திரை. அதை வண்டி கிளம்புவதற்கு அரை மணி முன்பே போட்டால்தான் கேட்கும். நாப்கின் இரண்டு கூடுதலாக இருக்கட்டும், பயன்படுத்தியதைச் சுற்றித் திரும்பக் கொண்டுவரப் பழைய பேப்பரும் ஒரு கவரும் கூடவே. மாற்றுத் துணி முழுவதையும் ஒரு தடித்த பாலிதீன் பைக்குள் கட்டி, அதை முதுகுப் பைக்குள் வையுங்கள். ரெயின் கவர் மேலே வரும் மழையைத்தான் தடுக்கும், முதுகு வழியாக இறங்கும் தண்ணீரைத் தடுக்காது. சில்லறைப் பணம் கட்டாயம். சிக்னல் இல்லாத இடத்தில் ஜி-பே வேலை செய்யாது.

கையில் மட்டும் எதுவும் வேண்டாம். குரங்குக்கு உங்கள் முகம் முக்கியமில்லை, தொங்கும் கவரும் அது சரசரக்கும் சத்தமும்தான் முக்கியம்.

அட்டை

மழை நாளில் இந்தக் காட்டில் அட்டை இல்லாத பாதை கிடையாது. முழங்கால் வரை வரும் நெருக்கமாக நெய்த அட்டை சாக்ஸ் இணையத்தில் கிடைக்கும். பேண்ட் கால் அதற்குள் போக வேண்டும். வெளியே விட்டால் அட்டை பேண்டுக்குள்ளேயே ஏறி முழங்கால் பின்மடிப்பில் உட்கார்ந்துவிடும். சாக்ஸ் மேல் உப்பும் வேப்பெண்ணெயும் கலந்து தடவலாம், ஓடையில் இறங்கினால் அது கழுவிப் போய்விடும், மறுபடி தடவ வேண்டும். இலைக் குப்பையில் நின்று பேசாதீர்கள். இளைப்பாறுவதென்றால் வெயில் படும் பாறையில் நில்லுங்கள்.

கடித்துவிட்டால் பதறி இழுக்கக் கூடாது. உற்றுப் பார்த்தால் ஒரு முனை ஒடுங்கியும் மறு முனை தடித்தும் இருக்கும். ஒடுங்கிய முனைதான் வாய். தோலை ஒரு கையால் இழுத்துப் பிடித்து, மறு கை விரல் நகத்தை அந்த ஒடுங்கிய முனைக்குக் கீழே பக்கவாட்டில் நுழைத்துத் தள்ளினால் விட்டுவிடும். உடனே தடித்த முனையையும் அதே மாதிரி நெம்பிச் சுண்டி எறியுங்கள், தாமதித்தால் உங்கள் விரலிலேயே ஒட்டும். தீக்குச்சி வைப்பது, உப்பைக் கொட்டுவது எல்லாம் அட்டை குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்க வைக்கும். அதன் எச்சிலில் ரத்தம் உறையாமல் செய்யும் பொருள் இருப்பதால் பிறகும் நெடுநேரம் கசியும். சிவப்பைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. சோப்புப் போட்டுக் கழுவி, பஞ்சை வைத்துப் பத்து நிமிடம் அழுத்தி, பிளாஸ்திரி. அரிப்பு மூன்று நாள் இருக்கும், சொறியாமல் இருப்பதுதான் மருந்து.

பாறைமேல் இருவர்

மெதுவாக நடப்பவர் முன்னால், வேகமாக நடப்பவர் பின்னால். மாற்றிப் போட்டால் முன்னால் போனவர் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று இளைப்பாறிவிட்டு, பின்னால் வந்தவர் சேர்ந்ததும் கிளம்பிவிடுவார். பின்னால் வந்தவருக்கு ஓய்வே கிடைக்காது. சண்டையும் அங்கேதான் தொடங்கும்.

வழுக்குப் பாறையில் கைகோத்து நடக்கக் கூடாது. பார்க்க அழகு, ஆனால் ஒருவர் கால் சறுக்கினால் இரண்டு பேரும் விழுவீர்கள். ஒருவர் இரு காலையும் ஊன்றி அசையாமல் நிற்க, மற்றவர் கடக்க வேண்டும். கடந்தவர் ஊன்றி நின்ற பிறகுதான் அடுத்தவர் காலை எடுக்க வேண்டும். பிடிப்பதென்றால் உள்ளங்கையை அல்ல, மணிக்கட்டை. நீங்கள் அவர் மணிக்கட்டையும் அவர் உங்கள் மணிக்கட்டையும் பிடித்தால் ஒரு கை நழுவினாலும் மறு கை இருக்கும். நனைந்த உள்ளங்கை சோப்பு மாதிரி. கறுத்து மினுமினுக்கும் பாறையில் காலே வைக்காதீர்கள், அதுதான் படிந்த பாசி. உலர்ந்து வெளுத்த பாறையும் மணலும் தெரியும் இடமாகப் பார்த்து, பாதம் முழுவதும் படியும்படி வையுங்கள். குதிகாலை முதலில் வைத்தால் சறுக்கும்.

ஓடையைக் கடக்க வேண்டி வந்தால் குறுகிய இடத்தைத் தேடாதீர்கள். குறுகலில்தான் ஆழமும் வேகமும். விரிந்து பரவி ஓடும் இடத்தில், முதுகுப் பையின் இடுப்பு வாரைக் கழற்றிவிட்டு, தண்ணீர் வரும் திசையைப் பார்த்தபடி பக்கவாட்டில் அடி எடுத்து வையுங்கள். முழங்காலுக்கு மேல் வந்தால் திரும்பிவிடுங்கள். ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலில் இறங்குபவர்கள்தான் முதலில் விழுகிறார்கள்.

அருவிக்குள்

கழுத்தில் புதுத் தாலிக்கொடி போட்டிருப்பவர்கள் அதைக் கழற்ற மனம் வராது, சரி. ஆனால் அருவியின் அடி செயினின் கொக்கியை நெளித்துவிடும். இரண்டு நாளுக்கு மஞ்சள் கயிற்றில் மாற்றிக் கட்டிக்கொள்வது பழைய யோசனை, இன்றும் அதைவிட நல்ல யோசனை இல்லை. மோதிரம், கம்மல், லென்ஸ் கழற்றிவிடுங்கள். குளிரில் விரல் சுருங்கும், மோதிரம் தானாக நழுவும். துப்பட்டாவோடும் அவிழக்கூடிய லுங்கியோடும் உள்ளே போகாதீர்கள்.

நேரே நடுத் தாரைக்குக் கீழே போய்த் தலையைக் கொடுக்கக் கூடாது. தண்ணீரோடு கல்லும் குச்சியும் வரும். ஓரமாக, கம்பி இருந்தால் கம்பியைப் பிடித்தபடி, முதலில் கால், பிறகு கை, பிறகு முதுகு. முதல் குளிரில் மூச்சு அடைக்கும், அரை நிமிடத்தில் சரியாகும். தோளிலும் முதுகிலும் வாங்குங்கள், உச்சந்தலையில் வேண்டாம். சாப்பிட்ட உடனும் வேண்டாம். மது அருந்தியிருந்தால் கரையோடு சரி.

இனி அந்த நேர விஷயம். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே மலை உச்சியில் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அப்படித்தான் சில நிமிடங்களில் காட்டாறு இறங்கியது, 17 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். அதனால் போனதும் தண்ணீர் விளிம்பில் ஒரு கல்லை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவர் அதைப் பார்க்க வேண்டும். இரண்டு விரல் அளவு ஏறியிருந்தால் வெளியே வந்துவிடுங்கள். தெளிந்த நீர் கலங்கிச் செம்மண் நிறமானாலும், பச்சை இலையும் சுள்ளியும் கொத்தாக மிதந்து வந்தாலும், அருவிச் சத்தம் திடீரென்று கனத்தாலும் அதே கதைதான். பையை எடுக்கப் போகக் கூடாது, செருப்பைத் தேடக் கூடாது. ஓடை வழியே கீழே ஓடுவது தண்ணீரோடு பந்தயம். கரையில் பக்கவாட்டாக மேட்டுக்கு ஏறுங்கள். இருவரும் வேறு வேறு கரையில் சிக்கிவிட்டால் சேர வேண்டும் என்று கடக்காதீர்கள். கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் ஆளுக்கொரு மேட்டில் உட்கார்ந்திருந்தால் போதும்.

மொழியில் ஒரு சிக்கல் இருக்கிறது. மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர். கடைக்காரர் ‘வெள்ளம் வேணோ’ என்று கேட்டால் குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்கிறார். வனக் காவலர் ‘மலவெள்ளம்’ என்று கத்தினால்தான் நம்முடைய வெள்ளம். வெள்ளச்சாட்டம் என்றால் அருவி, ஆன என்றால் யானை, சூக்ஷிக்கணும் என்றால் பார்த்து.

யானை பற்றி: வழிகாட்டி நில் என்றால் நிற்க வேண்டும், அவ்வளவுதான். யானைச் சாணத்தில் சூடு இருந்தாலோ மூங்கில் முறியும் சத்தம் கேட்டாலோ பேசாமல் வந்த வழியே திரும்புவார், கூடவே திரும்புங்கள். அச்சன்கோவில் சாலையில் மாலை ஐந்துக்கு மேல் வண்டியில்கூட இருக்க வேண்டாம். பாம்பு கடித்தால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள். கடிபட்ட காலை அசையாமல் வைத்துத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து 108-ஐ அழையுங்கள், இரண்டு மாநிலத்திலும் அதே எண்தான். பக்கத்தில் இருக்கும் பெரிய அரசு மருத்துவமனைகள் கேரளப் பக்கம் புனலூர், நம் பக்கம் தென்காசி. காட்டுக்குள் சிக்னல் கிடைக்காது என்பதால், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று விடுதியில் சொல்லிவிட்டுப் போங்கள்.

மதியத்துக்கு மேல்

தடை இல்லாத நாளாக இருந்தால் ஞாயிறு மாலை குற்றாலம் பேரருவியில் ஒரு குளியல் போடலாம். இங்கே ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம். அதனால் உள்ளே போகும் முன் எங்கே, எத்தனை நிமிடத்தில் சந்திப்பது என்று பேசிக்கொள்ளுங்கள். செல்போனும் பையும் வெளியே ஒருவரிடம் இருக்க, மாறி மாறிப் போவது உத்தமம். சோப்பு, ஷாம்பு, எண்ணெய் மூன்றுக்கும் தடை. பிறகு எல்லைக் கடைகளில் பரோட்டாவும் நாட்டுக்கோழியும். பசி கூரையைப் பிய்க்கும் என்பதால் இரண்டு ஜோடிக்கான அளவைச் சொல்லிவிடுவீர்கள், ரயிலில் படுக்கும்போது வயிறு பேசும்.

ரயில் ஏறும் முன் நிலையத்தில் ஒருவர் முதுகை ஒருவர் பாருங்கள். முழங்கால் பின்புறம், இடுப்புப் பட்டை பதிந்த இடம், காது மடலுக்குப் பின்னால். ஷூ நாக்கைத் தூக்கி உள்ளேயும் தட்டுங்கள், கம்பார்ட்மெண்டில் கீழ்ப் படுக்கைக்காரருக்கு அட்டையை அறிமுகம் செய்துவைக்க வேண்டாம். ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, விருதுநகர் தாண்டியதும் ஒருமுறை மாற்றினால் காலையில் எழும்பூரில் பாதி காய்ந்திருக்கும். மீதியை வீட்டில் நிழலில் காய வையுங்கள், வெயிலில் வைத்தால் ஒட்டுப் பசை விட்டுப்போகும்.